பொரிக்குப் போட்ட ஊசி

அந்தக் கூடைய மடியில வெச்சுக்குங்க அம்மணி. கீழ வெச்சா பிரேக் அடிக்கறப்ப உருண்டுரும். ஆமா, அப்படித்தான். நாய்க்குட்டியா? நானும் ஏறுனதுலருந்து பாக்கறேன், துணிக்குள்ள என்னமோ நெளியுதேன்னு. எங்க, தாராபுரத்துக்கா கொண்டு போறீங்க? ஊசி போடறதுக்கா?

வேண்டாமுங்க.

முன்னப்பின்ன தெரியாதவ இப்படிச் சொல்றாளேன்னு நெனைக்காதீங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, எதுக்க வர்ற வண்டியப் புடிச்சு ஊட்டுக்குப் போயிருங்க. குட்டிய அது பாட்டுக்கு வளர உடுங்க. ஒரு ஊசியில எங்குடும்பமே போச்சு. அதனாலதான் சொல்றேன்.

தாரணி, கூடைக்குள்ள கைய உடாத சாமி. தள்ளி உக்காரு.

இவ என்ற மக. எட்டாவது படிக்கறா. வாயே தொறக்க மாட்டா. முன்னெல்லாம் இப்படி இல்லீங்க, பேசுனா நிறுத்த மாட்டா. அவிங்கப்பன் போனதுலருந்து இப்படித்தான் சன்னலோரமா உக்காந்துட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்கா.

நாங்க உடுமலைக்குப் பக்கத்துல ஒரு கொப்பரைக் களத்துல இருக்கறமுங்க. களம் எங்களுது இல்ல, மொதலாளி பொள்ளாச்சியில இருக்கறார். காவலு, கணக்கு, லாரிக்கு மூட்டை ஏத்தி உடறது எல்லாம் எங்கூட்டுக்காரரு. நான் வேலைக்கு வர்ற பொம்பளைங்களோட சேந்து தேங்கா ஒடைப்பேன், காஞ்ச தேங்காத் தொட்டியிலருந்து பருப்பு நோண்டுவேன். கையப் பாருங்க, கத்தி படாத எடமே இல்ல. களத்துக்குள்ளயே ஒரு ஓட்டு வீடு. கொற ஒண்ணும் கெடையாதுங்க. நல்லாத்தான் இருந்தோம்.

முன்ன ஒரு பெரிய நாயி இருந்துச்சு. வயசாகிப் போய்ச் சேந்துருச்சு. களத்துக்கு நாயி இல்லாம ஆவாதுங்க. எலி வரும், ஆளும் வரும். அப்பத்தான் இவரு ஒரு நாள் சாயங்காலம் சட்டைக்குள்ள எதையோ உட்டுட்டு வர்றாரு. பாத்தா ஒரு குட்டி. வெள்ளையா, அங்கங்க பழுப்புப் புள்ளி. வறுத்த பொரியாட்ட இருக்குதுன்னு இவதான் பொரின்னு பேரு வெச்சா.

எங்கிருந்து எடுத்துட்டு வந்தாருன்னா, களத்துக்குப் பின்னால ஒரு இட்டேரி போவும், ரெண்டு பக்கமும் கள்ளி வேலி. அதுல ஒரு தெரு நாயி குட்டி போட்டிருந்துச்சு. அந்தத் தாய் நாயிக்கு என்ன ஆச்சோ, நல்லாத் திரிஞ்சிட்டிருந்தது திடீருன்னு ஆருன்னு பாக்காம எல்லார் மேலயும் பாஞ்சுச்சு. வாயெல்லாம் எச்சி. பக்கத்துத் தோட்டத்து வெள்ளாட்டக் கடிச்சுருச்சு. தன்ற குட்டிகளையே கவ்வி ஒதறுச்சுன்னு சொன்னாங்க. ஆளுக சேந்து தடியெடுத்து அடிச்சே கொன்னுட்டாங்க. குட்டி போட்ட நாயிக்குக் கோவம் இருக்காதா அம்மணி? அதுகூடப் புரியாத சனம். கடிபட்ட வெள்ளாடும் அப்பறம் ஒரு மாதிரி கத்திக் கத்திச் செத்துச்சு. கடுங்கோடையாச்சுங்களே, ஆடு தாங்குமா.

மிஞ்சுன குட்டி இது ஒண்ணுதான். காதுக்குப் பின்னால பல்லுப் பட்ட காயம் இருந்துச்சு. மஞ்சளும் எண்ணெயும் கொழைச்சுப் போட்டு அத ஆத்துனது நாந்தான். தாயில்லாத குட்டின்னு நெம்பப் பாத்துப் பாத்து வளத்தேன்.

இவளுக்குப் பள்ளிக்கூடத்துல ஆரோ சொல்லி உட்டுட்டாங்க, நாய்க்குட்டிக்கு ஊசி போடோணும்னு. தெனமும் அதே பேச்சு. ஊசி போடலாம், ஊசி போடலாம். கடைசியில இவரு மொபட்டுல முன்னால இவ, பின்னால நான், என்ற மடியில குட்டின்னு டவுனுக்குப் போனோம். ஒரு சின்ன வயசு டாக்டர். கண்ணாடி போட்டுட்டு, நல்லாத்தான் பேசுனான். குட்டிய மேசை மேல நிறுத்தி, பல்லப் பாத்தான், காதப் பாத்தான். "இந்தக் காயம் எப்படிங்க வந்துச்சு?"ன்னு கேட்டான்.

இவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், "வேலிக் கம்பி கிழிச்சுருச்சுங்க".

"தாய் நாயி எங்க இருக்குது?"

"லாரியில அடிபட்டுப் போச்சுங்க."

பின்ன என்னங்க சொல்றது? மனுசங்க அடிச்சுக் கொன்னாங்கன்னு சொன்னா, அந்தத் தாயோட குட்டியும் அப்படித்தான் இருக்கும்னு அவன் நெனச்சுக்குவானல்ல. பொறந்ததுமே அதுக்குக் கெட்ட பேரு எதுக்குன்னு நான் பாத்தேன். இவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. ஆனா நாலு பேருக்கு முன்னால என்ற பேச்ச மறுக்க மாட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசனுங்க அவரு.

டாக்டர் பொடனித் தோல இழுத்துப் புடிச்சு ஊசி போட்டான். குட்டி வீல்னு ஒரு கத்து. எனக்கு அப்பவே மனசுக்கு ஒப்பல. அவன் சொன்னான், "இது மத்த சீக்குகளுக்கான ஊசிங்க. வெறிநோய்க்கான ஊசி இன்னும் கொஞ்சம் வளந்ததுக்கப்பறம் போடோணும். இன்னிக்குக் கொஞ்சம் சோந்து கெடக்கும். சூடு அடிக்கும். ஊசி போட்ட எடத்துல கட்டியாட்ட வீங்கலாம். ஒரு நாள் ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். ஆனா மூஞ்சி வீங்குனா, மூச்சு வாங்குனா, வாந்தி எடுத்துட்டே இருந்தா உடனே தூக்கிட்டு வந்துருங்க. பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க."

பாத்துக்குங்கன்னு சொன்னானுங்களா? நான் பாத்தேன். அவன் சொன்னத நானாட்டப் பாத்தவங்க இந்த ஜில்லாவுலயே இருக்க மாட்டாங்க. அன்னிக்கு வேலைக்கே போவலீங்க. சாக்க விரிச்சுப் போட்டு, குட்டியப் படுக்க வெச்சு, பக்கத்துலயே உக்காந்துட்டேன். வயிறு ஏறி எறங்கறதப் பாப்பேன். மூக்கத் தொட்டுப் பாப்பேன். மூஞ்சி வீங்குதா, கண்ணு செவக்குதா. வேலாத்தான்னு ஒரு அக்கா எங்க களத்துல வேல செய்யுது, அது கேட்டுச்சு, "ஏன் துளசி, பெத்த புள்ளைக்கு அம்மை போட்டப்பக்கூட நீ இப்படி உக்காரலியே"ன்னு. உண்மைதாங்க. அப்படிப் பாத்தேன்.

அன்னிக்குச் சோந்துதான் கெடந்துச்சு. மறுநாள் எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சுருச்சு. கொப்பரை மேல ஏறி வெளையாடுது, காக்காயத் தொரத்துது. எல்லாரும் நல்லாயிருச்சுன்னாங்க. நான் மட்டும் நம்பலீங்க. ஊசி மருந்து என்ன, தண்ணியா, உடனே போயிர்றதுக்கு? ஒடம்புக்குள்ளயே கெடந்து மெதுவா வேலையக் காட்டும். நான் பாத்துட்டேதான் இருந்தேன்.

நான் நெனச்ச மாதிரியே ஆச்சு.

ஒரு நாள் காலையில கூப்பிட்டா வரல. சாக்கு மூட்டைக்கு அடியில போயி ஒடுங்கிக்கிச்சு. சோறு வெச்சா மோந்துகூடப் பாக்கல, ஆனா கதவுக் கட்டையக் கடிக்குது, கல்லக் கடிக்குது. கொரலு மாறிப்போச்சு. குட்டிக் கொரலே இல்லீங்க அது, தொண்டை கட்டுன ஆளு கத்தற மாதிரி. கீழ்த்தாடை தொங்கிப்போச்சு. எச்சியா ஒழுகுது. தண்ணிக் கிண்ணத்த வெச்சா வாயக் கொண்டுபோவும், நக்கத் தெரியாம தலைய ஆட்டும்.

டாக்டர் சொன்னதெல்லாம் இருந்துச்சு பாத்தீங்களா? சோந்து கெடந்துச்சு. திங்கல. மூச்சு வாங்குச்சு. எச்சிய நாந்தான் கையிலயே வழிச்சு வழிச்சுத் தொடச்சேன். இவ பஞ்சுல பால நனச்சு வாயில புழிஞ்சு உட்டா. அதுக்கு முந்துன நாளுதான் இவ சைக்கிள்லருந்து உழுந்து மொழங்கையெல்லாம் செராச்சுக் கெடந்துச்சு. அந்த நெலைமையிலயும் அந்தச் சீவன் இவ புண்ண நக்கிக் குடுத்துச்சுங்க. எவ்வளவு பாசம் பாருங்க.

இவரு சொன்னாரு, "தொண்டையில எலும்பு கிலும்பு சிக்கியிருக்குமோ"ன்னு. வாயத் தொறந்து வெரல உட்டுப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. வெளிய எடுக்கறப்ப கட்டை வெரல்ல பல்லுப் பட்டுச்சு. கடிச்சதெல்லாம் இல்லீங்க, பல்லுப் பட்டது. ரெண்டு சொட்டு ரத்தம் வந்திருக்கும். வேட்டியில தொடச்சுக்கிட்டாரு.

நான் டாக்டருக்குப் போன் போட்டேன். நல்லாக் கேட்டுப்போடோணும்னுதான் போட்டேன். "உங்க ஊசி குட்டியக் கொல்லுது"ன்னேன். அவன் என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டான். அப்பறம் மெல்லக் கேக்கறான், "அம்மா, உண்மையச் சொல்லுங்க, தாய் நாயி எப்படிச் செத்துச்சு?"

பாருங்களேன். இவன் ஊசி போட்டதுக்கும் தாய் நாயிக்கும் என்ன சம்பந்தம்? பேச்ச மாத்தறான். நான் சொல்ல மாட்டேன்னுட்டேன். பக்கத்துல நின்ன இவரு போன வாங்கி இருக்கறத எல்லாம் சொல்லிட்டாரு. உடனே அவன், "குட்டிய ஆரும் தொடாதீங்க, ஒரு ரூம்ல அடைச்சுருங்க. பல்லுப் பட்ட எடத்தக் கொழாத்தண்ணியில சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. ஊட்டுல அத்தன பேரும் இன்னிக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி நாய்க்கடி ஊசி போட்டுக்குங்க. இது நான் போட்ட ஊசியால இல்ல, இது வெறிநோயாட்டத் தெரியுது"ங்கறான்.

அவன் தப்பிக்கறதுக்கு வழி தேடறான் அம்மணி. ஊசியால இல்லைன்னு வேற எவன் சொல்லுவான், போட்டவந்தான் சொல்லுவான்.

குட்டி மறுநாளே போயிருச்சு. நாங்க தென்னைக்கு அடியில குழி வெட்டிட்டு இருக்கறப்ப அந்த டாக்டரே பைக்குல வந்து நிக்கறான். கையில உறை, மூஞ்சியில துணி. "குட்டியக் குடுங்க, தலைய மட்டும் பரிசோதனைக்கு அனுப்போணும். அப்பத்தான் என்னன்னு உறுதியாத் தெரியும்"ங்கறான். தலையாமுங்க. செத்த குட்டியோட தலைய வெட்டிக் குடுக்கோணுமாம். இவ ஓன்னு அழுவறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். மம்மட்டியத் தூக்கிட்டேன். "செஞ்சது பத்தாதுன்னு தடயத்த அழிக்க வந்தியா"ன்னு கேட்டேன். அவன் ஒதுங்கி நின்னு இவரப் பாத்து, "அண்ணா, தலை இல்லீனாலும் பரவால்ல, நீங்க ஊசி போட்டுக்குங்க. தயவுசெஞ்சு போட்டுக்குங்க. கொழந்தையக் கூட்டிட்டுப் போங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான்.

எதுக்குக் கும்புடறான்? தப்பு பண்ணாதவன் கும்புடுவானா?

இவரு மறுநாள் வெள்ளைச் சட்டையப் போட்டுட்டு மொபட்ட எடுத்தாரு. "எங்க?"ன்னேன்.

"எதுக்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்றேன் துளசி. தாரணியும் வரட்டும், நீயும் வா. போட்டுக்கிட்டா என்ன நட்டம்?"

"போட்டுக்கிட்டு வந்து பொரியாட்டப் படுக்கறதுக்கா? பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"அந்தப் பையன் அவ்வளவு தூரம் சொல்றானே."

"நானும் சொல்றேன். என்ற பேச்சு பெருசா, அவன் பேச்சு பெருசா?"

மொபட்டு மேல உக்காந்து கொஞ்ச நேரம் யோசன பண்ணுனாரு. அப்பறம் எறங்கி ஸ்டாண்டு போட்டுட்டாரு. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வேலையப் பாக்கப் போயிட்டாரு. கல்யாணம் ஆனதுலருந்து என்ற பேச்சத் தட்டுனதே இல்லீங்க. வேற வைத்தியமே பாக்காம உட்டுட்டேன்னும் நெனைக்காதீங்க. காங்கயத்துப் பக்கம் பச்சிலை குடுக்கறவரு ஒருத்தரு இருக்கறாருன்னு கேட்டு, கூட்டிட்டுப் போயி, அரச்சுக் குடுத்தத மூணு பேரும் குடிச்சு, உப்பில்லாப் பத்தியம் இருந்தோம்.

அதுக்கப்பறம் ஒரு கொறையும் இல்ல. கோடை போச்சு. தென்மேக்குக் காத்து ஆரம்பிச்சுருச்சு. எங்க பக்கம் அந்தக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்லோணுமா. கொப்பரை மேல போட்ட தார்ப்பாயத் தூக்கிட்டுப் போயிரும். அப்பத்தான் இவரு ஒரு நாள், "கட்டை வெரலு மதமதன்னு இருக்குது துளசி, எறும்பு ஊர்றாப்ல"ன்னாரு. ஆறிப்போன காயமுங்க, தழும்புகூடக் கிடையாது. மூட்டை தூக்குனது புடிச்சிருக்கும்னு எண்ணெய் தேச்சு உட்டேன்.

அடுத்தாப்ல காச்சல். பக்கத்து ஊர்ல ஒரு கிளினிக், அங்க போயி காச்சலுக்கு ஒரு ஊசி போட்டுட்டு வந்தாரு. எனக்குத் தெரியாமப் போயிட்டாருங்க. வந்து சொல்றாரு. அப்பறம் என்ன நடக்கோணுமோ அது நடந்துச்சு. ஊசி போட்டுட்டு வந்தது மத்தியானம். சாயங்காலம் டீத்தண்ணி வேணும்னு கேட்டாரு. வெச்சுக் குடுத்தேன். டம்ளர வாய்க்கிட்டக் கொண்டுபோனாரு. தொண்டை அப்படியே இழுத்துச்சு. டம்ளர உட்டெறிஞ்சுட்டாரு. சுட்டுருச்சான்னு கேட்டேன். இல்லைன்னு தலைய ஆட்டறாரு. திரும்ப ஒருக்கா எடுத்துக் குடுத்தேன். கை நடுங்குது. டம்ளரப் பாத்தாலே மூஞ்சி கோணுது. "சன்னலச் சாத்து, காத்து மேல படுது, தாங்க முடியல"ன்னாரு. சாத்துனேன். கதவையும் சாத்துனேன். ஓட்டுச் சந்துல வர்ற காத்துக்குக்கூட ஒடம்பு தூக்கிப் போடுது.

அப்ப என்னையப் பாத்துச் சொன்னாரு, "துளசி, பொரியாட்டமே இருக்குதல்ல?"

அதத்தானுங்க நானும் சொல்றேன். ஊசி போட்ட ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி அம்மணி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம், இவளும் வேலாத்தாவும் கூட வந்தாங்க. தனியா ஒரு ரூம்ல போட்டுட்டாங்க, வெளிச்சம் கொறைச்சு. பெரிய டாக்டரம்மா ஒண்ணு, "நாயி கடிச்சுதா?"ன்னுச்சு. "கடிக்கலீங்க, பல்லுப் பட்டுச்சு"ன்னேன். அந்தம்மா கண்ண மூடிக்கிச்சு. "அப்பவே வந்திருந்தா அஞ்சு நிமிச வேலைம்மா"ன்னுச்சு. எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசறாங்க. நாய் டாக்டரும் இவங்களும் ஒரே படிப்புத்தான படிக்கறாங்க.

அவரு போயிட்டாரு. ஊட்டுக்குள்ளகூடக் கொண்டாற உடல. சுத்திக் குடுத்து, ஆரும் தொடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லி, வண்டியிலருந்து நேரா மயானத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க. மூஞ்சி பாக்கறதுக்கு மட்டும் தெறந்தாங்க. நான் தொட்டனுங்க. ஆரு சொல்லிக் கேக்கறது. வாயோரமா எச்சி காஞ்சு கெடந்துச்சு, முந்தானையில தொடச்சு உட்டேன்.

காரியம் முடியறதுக்குள்ள நர்ஸம்மாக்க வந்துட்டாங்க. ஐஸ் பெட்டியோட. எனக்கும் இவளுக்கும் போடோணுமாம். ரெண்டு தடவ வந்தாங்க. நான் கொப்பரைக் கெடங்குல மூட்டைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். இவளக் கூப்பிட்டேன், இவ வரல. வெளியிலயே நின்னா. ஊட்டுல ஆரும் இல்லைன்னு வேலாத்தா சொல்லி அனுப்பிருச்சுன்னு நெனைக்கறேன். மறுபடி இன்னிக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சுது. அதான் ஒரு பையில ரெண்டு துணிய எடுத்துட்டு, பின்னால இட்டேரி வழியாவே நடந்து வந்து பஸ் ஏறிட்டேன். தாராபுரத்துக்கு அக்கட்டால என்ற தம்பி இருக்கறான். அங்க ஆருக்கும் எங்களத் தெரியாது. இருக்கறது இவ ஒருத்திதான். இவளையாவது காப்பாத்தோணுமல்லங்க. பாருங்க இவள. ஒரு ஊசியும் போடல, கல்லாட்ட இருக்கறா.

என்ன கேக்கறீங்க? நானா? எனக்கென்ன. நான் போட்டுக்கலீங்க. நல்லாத்தான இருக்கறேன்.

இவளப் பத்தித்தான் எனக்கு வெசனம். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுல என்னமோ புகுந்துக்கிச்சு. எப்பப் பாத்தாலும் ஒரு சொம்புத் தண்ணிய எடுத்துட்டு வந்து நீட்டறா. காலையில கண்ணத் தொறந்தா முன்னால சொம்பு. வேணாம்னா அழுவறா. குடிக்கறப்ப என்ற தொண்டையவே பாக்கறா. குடிச்சு முடிச்சாத்தான் நவுருவா. நான் தூங்குனா விசிறிய எடுத்து மூஞ்சிக்கு நேரா வீசிப் பாக்கறா. காத்துக்குத்தான் வீசறாளாக்கும்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் பாத்தா, ரெண்டு வீசு வீசிட்டு உத்துப் பாத்துட்டு வெச்சுர்றா. அவிங்கப்பன் தண்ணி குடிக்க முடியாமப் போனத நேர்ல பாத்த புள்ளையல்லங்க, பயந்துருச்சு. தம்பி ஊர்ல மந்திரிக்கற ஆளு இருக்குது. ஒரு கயிறு கட்டிட்டா சரியாப் போயிரும்.

இதா, பாருங்க, சொல்லி வாய் மூடல, பாட்டில எடுத்துட்டா. இப்பத்தான் சாமி குடிச்சேன். பஸ்ஸுல எதுக்கு?

நீங்களே கேளுங்க இவள, எதுக்கு இப்படிப் பண்றான்னு. நான் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன். வெளியாளுக்காவது பதில் சொல்லுதான்னு பாப்போம்.

என்ன சொல்ற?

சத்தமாச் சொல்லு தாரணி.

"உனக்குத் தண்ணி எறங்குதான்னு பாக்கறேம்மா. அந்தச் சீக்கு வந்தா எறங்காதுன்னு அப்பா சொன்னாரு."

எந்தச் சீக்கு? எனக்கு எதுக்கு வருது?

"நீ பொரியோட எச்சியத் தொடச்சியல்ல. கையெல்லாம் கத்திக் காயத்தோட. அப்பா எச்சியவும் தொடச்ச. நான் போட்டுக்கிட்டேம்மா. அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கே. அப்பாதான் வேலாத்தா பெரியம்மாகிட்டச் சொல்லி என்னைய அனுப்புனாரு. அம்மாகிட்டச் சொல்லாத, அழுவான்னு சொன்னாரு. நர்ஸம்மா ஊட்டுக்கு வந்தப்பவும் வெளிய நின்னு நான் போட்டுக்கிட்டேன். நீதாம்மா போட்டுக்கல."

பொய் சொல்றா அம்மணி. கையக் காட்டு. கையத் தூக்கு தாரணி.

ரெண்டு கையிலயும் இருக்குது.

ரெண்டு கையிலயும் போட்டிருக்காங்க, பாத்தீங்களா. புள்ளி தெரியுது. எப்பப் போட்டது? அன்னிக்கா. அவரச் சேத்த அன்னிக்கா. மூஞ்சி வீங்கலியா உனக்கு? காச்சல் அடிக்கலியா? சோறு தின்னியா அன்னிக்கு? நான் பக்கத்துல இல்லியே சாமி. ஆரும் பக்கத்துல உக்காந்து பாக்கலியே உன்னைய. தனியாவா போட்டுட்டு வந்து படுத்திருந்த?

சரி. சரி, குடு அந்தப் பாட்டில. குடிக்கறேன். பாத்துக்க. நல்லாப் பாத்துக்க, எறங்குதா?

எறங்குச்சல்ல? அப்பறம் எதுக்கு இன்னும் அப்படியே பாக்கற?

"இன்னிக்கு எறங்குதும்மா. நாளைக்கும் எறங்கோணும்ல."

என்ன சொல்றா கேட்டீங்களா அம்மணி. பன்னெண்டு பதிமூணு வயசுப் புள்ள பேசற பேச்சா இது. இத்தன நாளா இத நெனச்சுட்டா என்னையப் பாத்துட்டிருந்த நீ? காலையில, சாயங்காலம், தூங்கறப்ப. நான் பொரியப் பாத்த மாதிரி.

கண்டக்டர் என்னமோ கத்தறாரே. ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? தாரணி, எதுக்கு எந்திரிக்கற? ஸ்டாண்டு இன்னும் வரல. கையப் புடிச்சு இழுக்காத. அம்மணி, நீங்களும் எதுக்கு எந்திரிச்சு வழி உடறீங்க? நீங்க போறது மாட்டாஸ்பத்திரிக்குத்தான. அது ஸ்டாண்டுக்கு அக்கட்டால.

எனக்கு அந்த ஊசி மேல இன்னமும் நம்பிக்கை இல்லீங்க. நான் கண்ணால பாத்தவ. ரெண்டு பேரு போனதப் பாத்தவ. ஆனா இவ எந்திரிச்சுட்டா. இவ இப்படிக் கையப் புடிச்சா, இவிங்கப்பன் புடிச்ச மாதிரியே இருக்குது. மொபட்டு மேல உக்காந்துட்டு, தாரணியும் வரட்டும், நீயும் வான்னாரு.

இருங்க கண்டக்டரே, எறங்கறோம். பைய எடுத்துக்கறேன்.

அம்மணி, ஒண்ணே ஒண்ணு. குட்டி செத்து இவ்வளவு நாளாச்சு. நீங்க படிச்சவங்களாட்டத் தெரியுது. இத்தன நாள் கழிச்சுப் போட்டாலும் அந்த மருந்து கேக்குமுங்களா?

கேக்கும்னு சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம். இவ காதுல உழுவற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க.